திருகோணமலையில் இருந்துகொண்டு ‘தொடர் கண்காணிப்பு’: குறைந்த ஆபத்துப் புரஸ்டேட் புற்றுநோய்க்கு இந்தச் சேவை எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயொப்சியில், அதாவது புரஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த துண்டுகளின் பரிசோதனையில், புற்றின் தரத்தைச் சொல்லும் கிளீசன் எண் 3+3=6 என்று வந்திருக்கிறது, பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை 10க்குக் கீழே இருக்கிறது, டொக்டர் மலவாசல் வழியாக விரலால் பார்த்தபோது கட்டி ஒன்றும் படவில்லை அல்லது ஒரு பக்கத்தில் மட்டும் சிறிதாகப் பட்டது. இப்படியான ஒருவருக்கு வெட்டாமலும் கதிர்வீச்சுக் கொடுக்காமலும் தவணை தவறாமல் பரிசோதித்து வருவதுதான் முதல் தெரிவாக இருக்கவேண்டும். டொக்டர்மார் இதை அக்டிவ் சேவெய்லன்ஸ் என்பார்கள். ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுக்கிறோம். மருத்துவத்தில் குறை கண்டு அந்த ஒன்றைக் குறைக்கவில்லை. திருகோணமலைக்காரருக்குப் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனை ஓரிடத்தில், எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேறிடத்தில், பயொப்சி இன்னோர் ஊரில் என்று ஆகிவிடுகிறது. மூன்றையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் வேலை நோயாளியின் தலையிலும் வீட்டாரின் தலையிலும் விழுகிறது. அதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டுக்கு எங்கள் நான்கு நட்சத்திரம் பொருந்தாது.

முதலில், நீங்கள் உண்மையிலேயே இந்தக் குழுவில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். மேலே சொன்ன மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். பி.எஸ்.ஏ. 7 ஆக இருந்தும் கிளீசன் 4+3 என்றால் கதையே வேறு. புதிய ரிப்போட்டுகளில் ‘கிரேட் குரூப் 1’ என்று போட்டிருந்தால் அது 3+3தான். குரூப் 2 என்றால் 3+4, குரூப் 3 என்றால் 4+3. இதோடு இன்னோர் எண்ணும் வேண்டும், ஆனால் பலருடைய கிளினிக் கொப்பியில் அது இருப்பதில்லை: பி.எஸ்.ஏ. அடர்த்தி. வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம். ஸ்கான் ரிப்போட்டில் சுரப்பியின் நீளம், அகலம், உயரம் சென்ரிமீற்றரில் இருக்கும். மூன்றையும் பெருக்கி, வரும் விடையை 0.52ஆல் பெருக்கினால் சுரப்பியின் கனவளவு மில்லிலீற்றரில் கிடைக்கும். உதாரணமாக 4.5 × 4.8 × 4.0 = 86.4, அதை 0.52ஆல் பெருக்க ஏறத்தாழ 45. பி.எஸ்.ஏ. 6.2 என்றால் 6.2ஐ 45ஆல் பிரியுங்கள், 0.14 வரும். 0.15க்குக் கீழே இருந்தால் மனம் ஆறலாம். 0.20ஐத் தாண்டினால், பயொப்சி ஊசி படாத இடத்தில் கூடிய தரப் புற்று ஒளிந்திருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டு, கண்காணிப்பைத் தொடங்குமுன் மீண்டும் தேடிப் பார்ப்பதுதான் சரி. சுரப்பி 90 மில்லிலீற்றருக்குப் பெருத்திருக்கும் ஒருவருக்கு பி.எஸ்.ஏ. 9 இருந்தாலும் அது பெரும்பாலும் வீக்கத்தின் கணக்கு. 25 மில்லிலீற்றர் சுரப்பியில் அதே 9 இருந்தால் இலேசில் விடக்கூடாது.

பயொப்சி ரிப்போட்டில் ‘புற்றுநோய் உள்ளது, கிளீசன் 6’ என்ற ஒரு வரியோடு திருப்திப்பட வேண்டாம். எத்தனை ஊசித் துண்டுகள் எடுத்தார்கள் (வழமையில் 12, ஸ்கானில் தெரிந்த இடத்துக்கு மேலதிகமாக 2 முதல் 4), எத்தனையில் புற்று இருந்தது, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை வீதம் அல்லது எத்தனை மில்லிமீற்றர், ‘கிறிபிரிஃபோம்’ என்ற சல்லடை போன்ற அமைப்பு உண்டா இல்லையா, இத்தனையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றுக்குக் குறைந்த துண்டுகளில், எந்தத் துண்டிலும் பாதிக்கு மேல் இல்லாமல் இருந்தால் மிகக் குறைந்த ஆபத்து. கிறிபிரிஃபோம் இருந்தால் கண்காணிப்பு பொருந்தாது. 3+3க்கும் 3+4க்கும் இடையிலான கோட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து இழுக்கும்போது, அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள்கூட வேறுபடுவது உண்டு. உங்கள் முழுத் திட்டமும் அந்த ஒரு கோட்டில்தான் நிற்கிறது. ஆகவே இழையம் பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் எழுதிக் கேட்டு வாங்கி, சிறுநீர்ப்பாதைப் புற்றை அடிக்கடி பார்க்கும் ஒரு பத்தோலஜி நிபுணரிடம் இரண்டாம் தடவை காட்டுங்கள். இந்தச் சேவையில் குறைந்த செலவில் கூடிய பயன் தரும் படி இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

சலம் அடைத்து, கதீற்றர் போட்டு, சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் ஒப்பரேஷன் செய்தபோது தற்செயலாகப் புற்று தெரியவந்தவர்களும் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். சுரண்டிய இழையத்தில் 5 வீதமோ அதற்குக் குறைவோ என்றால் தாழ்ந்த நிலை. அவர்களுக்கும் கண்காணிப்பு உண்டு. ஆனால் ஒப்பரேஷனுக்கு முன்னிருந்த பி.எஸ்.ஏ.யை அளவுகோலாக வைக்கக்கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்து எடுக்கும் பி.எஸ்.ஏ.தான் புதிய தொடக்கம்.

இனி ஆதாரத்துக்கு வருவோம். பிரித்தானியாவில் நடந்த புரொடெக்ட் ஆய்வில் 50 முதல் 69 வயது வரையான 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு. 15 வருட முடிவு 2023இல் வெளிவந்தது. புரஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் மூன்று குழுவையும் சேர்த்து 45 பேர்; கண்காணிப்பில் 3.1 வீதம், சத்திரசிகிச்சையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்றே கொள்ளவேண்டியிருந்தது. மற்றப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது: நோய் வேறிடங்களுக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 வீதம், மற்ற இரண்டிலும் 5 வீதமளவில். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 வீதம் பேர் 15 வருடத்துக்குள் ஏதோவொரு சிகிச்சைக்கு மாறினார்கள். ஆனால் இந்த ஆய்வில் கிளீசன் 7ம் அதற்கு மேலும் உள்ளவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் இருந்தார்கள். அன்றைய கண்காணிப்பும் பெரும்பாலும் பி.எஸ்.ஏ.யை மட்டும் நம்பியது, எம்.ஆர்.ஐ.யும் ஒழுங்கான மறு பயொப்சியும் அதில் இல்லை. இன்றைய முறையில், கிளீசன் 6 உள்ளவர்களை மட்டும் எடுத்தால், நிலைமை அதைவிட நல்லது என்றே சொல்லலாம்.

வாழ்க்கைத் தரத்துக்கும் அதே ஆய்வு எண் தருகிறது. சத்திரசிகிச்சை முடிந்து 6 மாதத்தில் 46 வீதம் பேர் சலம் கசிவதால் பாட் கட்டினார்கள். 6 வருடத்திலும் 17 வீதம் பேர். தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உறவுக்குப் போதிய விறைப்பு இருந்தது. 6 மாதத்தில் அது சத்திரசிகிச்சைக் குழுவில் 12 வீதம், கதிர்வீச்சில் 22, கண்காணிப்பில் 52. தோணி தள்ளி, வலை இழுத்து, பாரம் தூக்கி உழைக்கும் ஒருவருக்கு இருமினால் சலம் கசிவது சின்ன விஷயமில்லை. ஐந்து நேரமும் சுத்தமாக நின்று தொழுகிறவருக்கும், கோயில் காரியம் பார்க்கிறவருக்கும் அப்படித்தான். கனடாவிலோ லண்டனிலோ இருந்து “வெட்டி எடுத்துவிடுங்கோ அப்பா, காசு நான் அனுப்புறன்” என்று பாசத்தோடு சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த எண்களைப் படித்துக் காட்டுங்கள்.

சரி, கண்காணிப்பு என்றால் சரியாக என்ன செய்வது? முதல் வருடத்தில் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ.; இரண்டாம் வருடத்திலிருந்து 6 மாதத்துக்கு ஒரு தடவை. விரல் பரிசோதனை வருடத்துக்கு ஒன்று. தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கப்படாவிட்டால் உடனே எடுக்கவேண்டும். பிறகு 12 முதல் 18 மாதத்தில் மீண்டும். உறுதிப்படுத்தும் பயொப்சி முதல் வருடத்துக்குள், அதன்பின் நிலைமையைப் பொறுத்து 2, 3 வருடத்துக்கு ஒன்று. முதல் பயொப்சி எம்.ஆர்.ஐ. பார்க்காமல் எடுக்கப்பட்டிருந்தால் இந்த உறுதிப்படுத்தும் பயொப்சியை ஒருபோதும் தவறவிடாதீர்கள். கண்காணிப்பில் உள்ளவருக்குப் பிறகு ‘தரம் கூடிவிட்டது’ என்று தெரியவருவதில் பெரும்பங்கு, புற்று உண்மையில் வளர்ந்ததால் அல்ல. முதல் தடவை ஊசி அந்த இடத்தில் படவில்லை என்பதுதான் காரணம்.

பி.எஸ்.ஏ. எளிய பரிசோதனை, ஆனால் எளிதில் ஏமாற்றும். வெறும் வயிறு தேவையில்லை. எந்த நேரத்திலும் கொடுக்கலாம், சீனி வருத்தத்துக்கு இரத்தம் எடுக்கும் நாளிலேயே சேர்த்துக் கொடுத்துவிடலாம். அதற்கு முந்திய இரண்டு நாள் உறவும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். சலத்தில் கிருமி இருந்தால், கதீற்றர் போட்டிருந்தால், பயொப்சி செய்திருந்தால், குறைந்தது 6 கிழமை பொறுக்கவேண்டும். அதற்குள் எடுத்தால் எண் தாறுமாறாக ஏறி, இல்லாத பயத்தைக் கிளப்பும். ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் 5.8ஐயும் இன்னொன்றின் 6.9ஐயும் அருகருகே வைத்து ‘ஏறிவிட்டது’ என்று சொல்லவும் முடியாது. இயந்திரமும் முறையும் வேறு. ஒரே இடத்தில் தொடர்ந்து கொடுங்கள். அரச வைத்தியசாலையில் அன்று மருந்துப் பொருள் முடிந்து வெளியே எடுக்கவேண்டி வந்தால், எந்த இடம் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

மிகக் கூடுதலாக நடக்கும் பிழை பினஸ்டெரைட், டியூட்டஸ்டெரைட் குளிசைகளால் வருவது. சலம் தடையில்லாமல் போகக் கொடுக்கப்படும் இவை ஆறு மாதமளவில் பி.எஸ்.ஏ.யைப் பாதியாக்கிவிடும். 8 இருந்தவருக்கு 4 என்று வரும். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் உண்மையான எண் 8தான். இவற்றைக் குடிப்பவரின் எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்க்கவேண்டும். குறைந்த எண் சிறிது சிறிதாக ஏறத் தொடங்கினாலே விசாரிக்கவேண்டும். சலம் போகக் கொடுக்கும் இன்னொரு குளிசையான டம்சுலோசின் அப்படிச் செய்யாது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் டொக்டர் மாறக்கூடும். ஆகையால் குளிசை அட்டையைக் கையில் கொண்டுபோங்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி எங்கள் மாவட்டத்துக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள். யுத்த காலத்துச் செல் துண்டு உடம்பில் இருக்கிறவர்கள் இங்கே இன்னும் உண்டு. காயம் ஆறிய இடத்தை மறந்தும் போயிருப்பார்கள். எம்.ஆர்.ஐ. பெரும் காந்தம். கண்ணுக்கருகிலோ முள்ளந்தண்டுக்கருகிலோ இரும்புத் துண்டு இருந்தால் அது அசைந்து கேடு செய்யும். திகதி எடுக்கும்போதே சொல்லுங்கள்; முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும் திகதி எடுக்கும்போதே சொல்லுங்கள். இரண்டாவது எச்சரிக்கை சிறுநீரகம் பற்றியது. பதவிசிறிபுர போன்ற, காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள பகுதிகளிலிருந்து வருபவர்கள், நீண்டகாலச் சீனி வருத்தம் உள்ளவர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்த ரிப்போட் இல்லாமல் போனால் ஸ்கானுக்கு மருந்து ஏற்ற மறுத்துத் திருப்பி அனுப்பக்கூடும். முதல் கிழமையே அந்த இரத்தத்தையும் எடுத்துவிடுங்கள். ஸ்கான் ரிப்போட்டில் சந்தேகத்தின் அளவைச் சொல்லும் பை-றாட்ஸ் எண் 1, 2 என்றால் சந்தேகம் குறைவு. 4, 5 என்றால் அந்த இடத்தைக் குறிவைத்துப் பயொப்சி வேண்டும். 3க்கு அடர்த்தி எண்ணையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். கடுதாசி ரிப்போட்டோடு நிற்காமல் சீ.டி.யையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கானைப் பழையதோடு ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

பயொப்சிக்கு மட்டக்களப்பு, கண்டி, கொழும்பு என்று எங்கே போனாலும் அன்றே பஸ் ஏறாதீர்கள். ஓரிரவு அங்கேயே தங்குங்கள். சலம் அடைத்தால் அன்றிரவுதான் பெரும்பாலும் அடைக்கும். சலத்தில் சில நாள் இரத்தம் வரும், விந்தில் சில கிழமை நிறம் மாறியிருக்கும். இவற்றுக்குப் பயப்படவேண்டாம். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. மலவாசல் வழியாக ஊசி போட்டவர்களில் சிலருக்குக் கிருமி இரத்தத்தில் ஏறும். அதுவும் ஊர் திரும்பிய பின், முதல் சில நாட்களுக்குள். குளிரோடு 38 பாகைக்கு மேல் காய்ந்தால் பனடோல் குடித்துவிட்டு விடியும்வரை பார்க்கவே கூடாது. நேரே பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “புரஸ்டேட் பயொப்சி செய்து இத்தனையாம் நாள்” என்பதை முதல் வசனமாகச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் தேடிக்கொண்டிருப்பார்கள். எந்த அன்ரிபயோற்றிக் கொடுத்தார்கள் என்று எழுதிய துண்டை வாங்காமல் பயொப்சி செய்த இடத்திலிருந்து கிளம்பவேண்டாம். மலவாசலுக்கும் விதைப்பைக்கும் இடையிலான தோல் வழியாக எடுக்கும் முறையில் இந்த ஆபத்து குறைவு. அது கிடைக்குமா என்று கேளுங்கள், சீனி வருத்தக்காரர் கட்டாயம் கேளுங்கள். அஸ்பிரின் குடிப்பவர் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின், குளோபிடொக்றெல் குடிப்பவர் இருதய டொக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கவேண்டும். தானாக நிறுத்துவது ஆபத்து.

திகதி போடும்போது வானத்தையும் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வெருகல் பக்கம் வெள்ளம் ஏறினால் மட்டக்களப்புப் பாதை மறிபடும். மூதூர், ஈச்சிலம்பற்றுக்காரருக்கு இது தெரிந்த கதை. ஸ்கானையும் பயொப்சியையும் பெப்ரவரிக்கும் ஒக்டோபருக்கும் இடையில் வரும்படி கேட்டால் பெரும்பாலும் ஒழுங்குபண்ணித் தருவார்கள். மழைக்காலத்துக்கு பி.எஸ்.ஏ. போதும்.

இந்தச் சேவை தோற்கும் இடம் எதுவென்றால், மூன்றாம் நான்காம் வருடம். வலி இல்லை, எடை குறையவில்லை, எண் அப்படியே இருக்கிறது. ஒரு தவணை தவறுகிறது, பிறகு கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. குறைந்த ஆபத்துப் புற்று எந்த அறிகுறியும் காட்டாது. சலம் மெதுவாகப் போவதுகூடப் பெரும்பாலும் சாதாரண வீக்கத்தால் வருவது. ஆகவே உடம்பு சொல்லட்டும் என்று இருக்கவே முடியாது. வருத்தத்தை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, மனைவிக்குக்கூட மறைப்பவர்களிடம்தான் இது கூடுதலாக நடக்கிறது. அடுத்த திகதி வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். ஒரு பைலில் முதல் பக்கமாக ஒரே ஒரு அட்டவணை: திகதி, இடம், பி.எஸ்.ஏ., குடிக்கும் குளிசை, ஸ்கான், பயொப்சி. புதிய டொக்டர் அரை நிமிடத்தில் முழுக்கதையையும் பிடித்துக்கொள்வார்.

எப்போது கண்காணிப்பை விட்டுச் சிகிச்சைக்கு மாறுவது? மறு பயொப்சியில் கிளீசன் தரம் 4 (3+4 அல்லது 4+3 போல) தென்பட்டால், விரலுக்குப் புதிய கட்டி பட்டால், ஸ்கானில் சுரப்பியின் உறையைத் தாண்டுவது போலத் தெரிந்தால். பி.எஸ்.ஏ. ஏறுவதை மட்டும் வைத்து வெட்டக்கூடாது. அது ஸ்கானையும் பயொப்சியையும் முன்னுக்குக் கொண்டுவரும் மணி. மூன்று வருடத்துக்குள் இரட்டித்தால் அந்த மணி பலமாக அடிக்கிறது என்று கொள்ளுங்கள்.

மாறவேண்டி வந்தால் கதிர்வீச்சுக்கு மட்டக்களப்பு, தெல்லிப்பழை, கண்டி, மகரகம என்று போகவேண்டும். பழைய முறையில் 37 தடவையளவில், ஏழு எட்டுக் கிழமை. 60 கிறே (கிறே என்பது கதிர்வீச்சின் அளவு) மொத்தத்தை 20 தடவையில், நான்கு கிழமையில் கொடுக்கும் முறையும் அதே பலன் தரும் என்று நிறுவப்பட்டிருக்கிறது. வெளியூரில் தங்கி எடுக்கிற எங்களவர்கள் இதை முதலில் கேட்கவேண்டும். சத்திரசிகிச்சை என்றால் ஓரிரு கிழமை கதீற்றர், பிறகு மாதக்கணக்கில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார் என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஒன்றில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். குறைந்த ஆபத்து நிலையில் ஓமோன் ஊசியோ விதை அகற்றலோ தேவையில்லை. அவை பரவிய நோய்க்கும், கூடிய ஆபத்துள்ளவருக்குக் கதிர்வீச்சோடு சேர்த்தும் கொடுப்பவை. எலும்பு ஸ்கானும் தேவையில்லை. யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள், பதில் திருப்தி தராவிட்டால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

விற்றமின் ஈ குளிசையை ‘புரஸ்டேட்டுக்கு நல்லது’ என்று வெளிநாட்டிலிருந்து அனுப்புவார்கள். நாளுக்கு 400 அலகு எடுத்தவர்களிடம் புரஸ்டேட் புற்று 17 வீதம் கூடியதாக 2011இல் வெளிவந்த செலக்ட் ஆய்வின் தொடர்முடிவு சொன்னது. அந்தப் போத்தல் வேண்டாம். மரக்கறி கூட்டிச் சாப்பிடுவது புற்று முன்னேறுவதைத் தடுத்ததாக ஆய்வில் காணப்படவில்லை. ஆனால் இருதயத்துக்கு நல்லது. குறைந்த ஆபத்துப் புற்று உள்ளவர்களைப் புற்றைவிட இருதய வருத்தம்தான் அதிகம் கொண்டுபோகிறது. பிரஷரையும் சீனியையும் கட்டுப்படுத்தி, சுருட்டையும் பீடியையும் விடுவதை இந்தச் சிகிச்சையின் பகுதியாகவே எண்ணுங்கள்.

இந்தச் சேவை பொருந்தாதவர்களும் உண்டு. தகப்பனோ சகோதரனோ புரஸ்டேட் புற்றால் இளவயதில் இறந்திருந்தால், தாய்வழியில் மார்பு அல்லது சூலகப் புற்று பலருக்கு இருந்தால், பரம்பரை மரபணு மாற்றம் பற்றி முதலில் பேசவேண்டும். பிராக்கா 2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் புற்று வேகமாக நடக்கும். கண்காணித்தாலும் மிக நெருக்கமாகத்தான். மறுபக்கத்தில், எண்பதைத் தாண்டி, இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்த ஒருவரை 6 மாதத்துக்கு ஒருதடவை இரத்தத்துக்கும் பயொப்சிக்கும் இழுத்தடிக்கக்கூடாது. இன்னும் பத்து வருடம் இருப்பார் என்ற எதிர்பார்ப்பு இல்லாதவருக்கு மறு பயொப்சியால் வரும் பயன் எதுவுமில்லை. அவருக்கு வருடத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ., எலும்பு நோவு வந்தாலோ சலம் அடைத்தாலோ அதற்கான சிகிச்சை, அவ்வளவுதான். இந்த மாற்றத்தை எழுபத்தைந்து வயதளவிலேயே கிளினிக்கில் கேட்டு, என்ன முடிவு என்பதைக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் பழைய தவணையே தொடர்ந்துகொண்டிருக்கும்.